வீடு நம்முடையது, முகப்பு யாருடையது? புதுச்சேரி பழைய நகரில் வாசல் சுவரைத் தொடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மழை வந்தால் தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வாசல் திண்ணையை இடித்துவிட்டு ஒரு ஷட்டர் போட்டால் பைக் நிறுத்தலாம், இல்லையென்றால் கடைக்கு வாடகைக்கு விடலாம். மாடியில் உளுத்துப்போன மர ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் தொல்லை விட்டது. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பம் இப்படி யோசிப்பதில் தப்பு எதுவும் இல்லை.

வேறு ஊராக இருந்தால் அடுத்த நாளே கொத்தனார் வந்திருப்பார். புதுச்சேரியின் பழைய நகரில் மட்டும் ஒரு கேள்வி குறுக்கே வரும்: "பிபிஏவில் கேட்டீங்களா?"

நம்ம காசு, நம்ம வீடு, நம்ம சுவர். இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்கான பதில் ஒரு வரியில் முடிவதில்லை. அனுமதி கேட்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேட்கச் சொல்லப்படுகிறவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

அமெரிக்காவில் சங்கம், இங்கே குழுமம்

அமெரிக்காவில் பல குடியிருப்புப் பகுதிகளில் வீட்டு உரிமையாளர் சங்கம் என்று ஒன்று இருக்கும். வெளிச்சுவருக்கு என்ன நிறம், வேலி எவ்வளவு உயரம், வாசலில் என்ன செடி என்பது வரைக்கும் அதனிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கேட்காமல் செய்தால் அபராதம் வரும். சென்னையிலோ புதுச்சேரியின் புது நகர்களிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கும் இதன் சின்ன வடிவம் பழக்கம்தான். பால்கனிக்கு கிரில் போட, ஏசியின் வெளி யூனிட்டை மாட்ட, சங்கத்தின் பைலாவைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வெளிச்சுவர் எல்லாருக்கும் பொது என்பதே அங்கே கணக்கு.

புதுச்சேரி பழைய நகரில் இருப்பவை தனி வீடுகள். சங்கமும் இல்லை, பைலாவும் இல்லை. ஆனாலும் இங்கே முகப்பு பொதுவானதாகத்தான் பார்க்கப்படுகிறது. அதற்குக் காரணம் ஊரின் வரலாறு.

இந்த ஊருக்கு மட்டும் ஏன்?

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பழைய வீதிக் கோடுகளின் மேலேயே ஊரைத் திரும்பக் கட்டினார்கள். இன்றைக்குப் பார்க்கிற நேர் நேரான வீதிகள், அவற்றைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் புல்வார் சாலைகள், நடுவில் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்கால் எல்லாம் அந்தத் திட்டத்தின் மிச்சம்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம், பிரெஞ்சுக்காரர்களின் பகுதி. இப்போது எல்லாரும் ஒயிட் டவுன் என்கிறார்கள். உயர்ந்த மதில், பெரிய கேட், வளைவு வைத்த ஜன்னல், சுண்ணாம்புப் பூச்சு. வீடு மதிலுக்குப் பின்னால் ஒதுங்கி இருக்கும். மேற்கே தமிழர் பகுதி. இங்கே வீடு வீதியைப் பார்த்தபடி இருக்கும். வீதியோரம் மரத்தூண் வைத்த ஓட்டுத் தாழ்வாரம், அதன் கீழே திண்ணை, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். இரண்டும் கலந்த மூன்றாவது வகையும் உண்டு. கீழ்த்தளம் தமிழ் வீடு, மேல்தளம் பிரெஞ்சு பாணி. திண்ணைக்கு மேலே கைப்பிடிச்சுவரும் வளைவு ஜன்னலும் இருக்கும். இந்தக் கலவையை இந்தியாவில் வேறு ஊரில் வரிசை வரிசையாகப் பார்ப்பது கடினம்.

இந்த வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன என்பதுதான் முக்கியம். பத்து வீட்டுத் தாழ்வாரம் ஒரே கோட்டில் போகும்போதுதான் அது வீதி. நடுவில் ஒரு வீடு தாழ்வாரத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி முகப்பு போட்டால், அந்த வீட்டுக்கு மட்டும் இல்லை, பக்கத்து ஒன்பது வீட்டுக்கும் சேர்த்து முகம் மாறிவிடும். சுற்றுலாப் பயணி காசு கொடுத்துப் பார்க்க வருவது தனி வீட்டை அல்ல, அந்த வரிசையைத்தான்.

1990-களில் இன்டாக் அமைப்பு எடுத்த கணக்கில் சுமார் 1,800 கட்டடங்கள் பாரம்பரிய மதிப்புள்ளவை என்று பட்டியலில் வந்தன. அதன் பிறகு அதில் நூற்றுக்கணக்கானவை காணாமல் போய்விட்டன. பெரும்பாலும் தமிழர் பகுதியில். ஒயிட் டவுனில் பழைய வீடு என்றால் ஹோட்டலுக்கும் கஃபேக்கும் நல்ல விலை கிடைக்கிறது, அதனால் நிற்கிறது. வாய்க்காலுக்கு மேற்கே, கடைவீதியை ஒட்டிய இடங்களில், பழைய வீட்டை விட அது நிற்கும் மனைக்குத்தான் விலை அதிகம்.

யாரிடம் கேட்க வேண்டும்?

முதல் கதவு, நகர அமைப்புக் குழுமம். ஊர்க்காரர்கள் வாயில் பிபிஏ. 1969-ம் ஆண்டின் புதுச்சேரி நகர மற்றும் கிராம அமைப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. புது வீடு, கூடுதல் மாடி, இடித்துக் கட்டுவது எல்லாவற்றுக்கும் வரைபட அனுமதி இங்கேதான்.

பாரம்பரியக் கட்டடம் என்றால் இரண்டாவது கதவு ஒன்று உண்டு. மாநில அளவிலான பாரம்பரியப் பாதுகாப்பு மற்றும் ஆலோசனைக் குழு. பிபிஏவுக்கு வரும் விண்ணப்பத்தைப் பார்த்து, எதை விடலாம், எதை மாற்றச் சொல்லலாம், எதை இடிக்கவே கூடாது என்று ஆலோசனை சொல்வது இந்தக் குழு. இன்டாக் அரசுத் துறை இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது ஒரு தன்னார்வ அமைப்பு. அதன் பட்டியலும் அனுபவமும் முடிவுகளில் பெரிய பங்கு வகிக்கின்றன, ஆனால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 'இன்டாக் விடமாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் பலர் தவறான கதவைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடலை ஒட்டிய வீதிகளுக்கு மூன்றாவது கதவும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகளின் கை நீளும். ஏற்கெனவே நகரமாகிவிட்ட கடலோரம் என்பதால், இருக்கும் சாலைக்கு நிலத்தின் பக்கமாகக் கட்டுவதற்கு வழி இருக்கிறது. ஆனால் இடித்துப் புதிதாகக் கட்டவோ பெரிதாக்கவோ நினைத்தால் இதையும் பார்க்காமல் முடியாது.

தேசிய நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானமே கூடாது என்ற தொல்லியல் துறைச் சட்டத்தைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது அரிக்கமேடு போன்ற, மத்திய அரசு பாதுகாக்கும் இடங்களுக்கு. பழைய நகரத்துத் தனியார் வீடு பாரம்பரியப் பட்டியலில் இருந்தாலும் அது நினைவுச் சின்னம் ஆகிவிடாது. குடியிருக்கலாம், விற்கலாம், உள்ளே கழிவறை கட்டலாம், வயரிங் மாற்றலாம். சண்டை எல்லாம் வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் பகுதியைப் பற்றியதுதான்.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே மாதிரி ஓடு வைப்பது போன்ற பராமரிப்பு வேலைகளுக்குப் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை. உருவம் மாறும்போதுதான் பிரச்னை. திண்ணையை எடுப்பது, தாழ்வாரத்தை வெட்டுவது, ஜன்னலின் அளவையோ வடிவத்தையோ மாற்றுவது, மதிலை உடைத்துப் புது வழி வைப்பது, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போடுவது, முகப்பை மறைக்கும் அளவுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது. இவற்றில் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுவதே நல்லது. பாதி இடித்த பிறகு வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அந்தத் திறந்த சுவர் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்.

விண்ணப்பத்தை வலுவாக்குவது கட்டட வரைபடம் மட்டும் இல்லை. இப்போது இருக்கும் முகப்பின் அளவெடுத்த படம், நான்கு பக்கமும் எடுத்த போட்டோ, பக்கத்து வீடுகளோடு சேர்த்து வீதி எப்படித் தெரிகிறது என்ற படம், எந்தப் பொருளால் என்ன செய்யப்போகிறோம் என்ற குறிப்பு. இவை இருந்தால் குழுவில் கேள்வி குறையும். பழைய குடும்பப் போட்டோ ஏதாவது இருந்தால் அதையும் சேர்க்கலாம். கல்யாண ஊர்வலப் படத்தில் பின்னால் தெரியும் வாசல்தான், அங்கே முன்பு தாழ்வாரம் இருந்தது என்பதற்குப் பல வீடுகளில் ஒரே சாட்சி.

சிமென்ட் பூசினால் என்ன கெட்டுவிடும்?

குழு தடுப்பதெல்லாம் அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் சேர்த்துக் கட்டியவை. கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் பக்கவாட்டில் நிறுத்திய மெல்லிய செங்கல், மேலே சுண்ணாம்புத் தளம். சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கடல் காற்றில் வரும் உப்பும் ஈரமும் சுவருக்குள் தங்காமல் ஆவியாகிப் போகும்.

அதன் மேல் சிமென்ட் பூசினால் வெளிப்பக்கம் கெட்டியாகிவிடும், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச வருஷத்தில் உள்சுவர் பொரிந்து உதிரும், உத்தரத்தின் நுனி சுவருக்குள் இருக்கும் இடத்தில் உளுக்கும். மேலே பளிச்சென்று இருக்கும் வீடு உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு சிமென்ட் போட்டோம்' என்பதுதான் பல பழைய வீடுகளுக்கு வந்த வினை.

சரி, சுண்ணாம்பே பூசலாம். யார் பூசுவது? சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, அரைத்து, பல அடுக்காகப் பூசி மெருகேற்றத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். இருப்பவர்களின் கூலி அதிகம், வேலை முடிய நாளும் அதிகம். தேக்கு ஜன்னலைச் செப்பனிடும் செலவில் அலுமினிய ஜன்னல் பலவற்றை மாட்டிவிடலாம். இந்த இடத்தில்தான் உரிமையாளரின் கோபம் தொடங்குகிறது. 'கூடாது' என்று சொல்ல ஒரு குழு இருக்கிறது, கூடாததைச் செய்யாமல் இருப்பதற்கான செலவு மட்டும் அவர் தலையில்.

கையெழுத்து பாரீஸில் இருக்கிறது

காசுக்கு அடுத்த சிக்கல் பங்காளிகள். தாத்தா பேரில் இருக்கும் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் என்றால், அனுமதி விண்ணப்பத்துக்குப் பன்னிரண்டு பேரின் சம்மதம். புதுச்சேரியில் இதற்கு ஒரு தனித் திருப்பம் உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். அண்ணன் பாரீஸ் பக்கம், தங்கை ரீயூனியனில், கடைசித் தம்பி மட்டும் வீட்டில். அதிலும் 1881-ம் ஆண்டு ஆணையின்படி தங்கள் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களில் வாரிசுரிமையே வேறு கணக்கில் போகும். பத்திரமும் பிரெஞ்சில் இருக்கும்.

இப்படிப்பட்ட வீட்டில் யாரும் முழுசாக முடிவெடுக்க முடியாது. அதனால் யாரும் ஓட்டை மாற்றுவதில்லை. ஒரு மழை, இரண்டு மழை, பத்து மழை. கடைசியில் கூரை விழும். விழுந்த பிறகு பாதுகாக்க என்ன இருக்கிறது? இடித்துவிட்டு மனையாக விற்பது எல்லாப் பங்காளிக்கும் சுலபம். திட்டமிட்டு இடித்தவர்களை விட, இப்படிச் சும்மா விட்டே வீட்டை இழந்தவர்கள் அதிகம் என்பதை இந்த வீதிகளில் ஒருமுறை நடந்தாலே யூகிக்கலாம். அனுமதி விதிகளால் சுத்தியலைத் தடுக்க முடியும். ஒழுகலைத் தடுக்க முடியாது.

வைசியாள் வீதியில் என்ன வித்தியாசம்?

விதி மட்டும் போதாது என்பதற்கு நல்ல உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கால்வே சுப்பராய செட்டி வீதி. பழைய பேர் வைசியாள் வீதி. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பிரான்ஸின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்களோடு புதுச்சேரி கைகோத்தது. இந்த வீதியின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டார்கள். தாழ்வாரங்கள் திரும்ப வந்தன.

அங்கே யாரும் 'செய்யாதே' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. செலவில் உரிமையாளர் ஒரு பங்கு போட்டார், திட்டம் ஒரு பங்கு போட்டது. கட்டடக் கலைஞரும் கொத்தனாரும் திட்டத்தின் வழியாக வந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் சம்மதித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், தன் தாழ்வாரத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வது எளிதானது. 2008-ல் இந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. ஆனால் திட்டம் முடிந்ததும் வெளிநாட்டுப் பணமும் முடிந்தது. அந்த ஒரு வீதியின் பேரைத்தான் இன்றைக்கும் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். அடுத்த வீதி எது என்று கேட்டால் மேடையில் கொஞ்சம் மௌனம் வரும்.

அரசாங்கத்தின் வீடே விழுந்தபோது

2014 நவம்பர் 29. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இது மாதாவின் பேர் இல்லை. பிரெஞ்சில் மேரி என்றால் நகராட்சி மன்றம். ஊரின் பிறப்பு, இறப்பு, திருமணக் கணக்கெல்லாம் புழங்கிய இடம். செப்பனிட வேண்டும் என்று பல காலம் பேசப்பட்டு, பேச்சாகவே இருந்துவிட்ட கட்டடம்.

பிறகு உலக வங்கி நிதியில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். 2021 பிப்ரவரி 25-ல் பிரதமர் மோடி திறந்துவைத்தார். இன்றைக்குக் கடற்கரையில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது பழைய கட்டடம்தான். ஆனால் அது நகல்.

திண்ணையை இடிக்காதே என்று ஒரு விதவைத் தாயிடம் சொல்லும் அரசு, தன் சொந்த மாளிகையின் ஒழுகலைச் சரிசெய்யாமல் விட்டது என்பதைத் தமிழர் பகுதியில் யாரும் மறக்கவில்லை. குழுவின் முன்னால் உட்காரும் உரிமையாளரின் வாயில் முதலில் வருவது மேரி கட்டடம்தான் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

மற்ற ஊர்களில் எப்படி?

பிரான்ஸில் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் என்பதே 1943-லிருந்து பொதுவான அளவு. அதற்குள் முகப்பை மாற்ற அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். முழுப் பழைய நகரப் பகுதியையே பாதுகாக்கும் மால்ரோ சட்டம் வந்தது 1962 ஆகஸ்ட் 4. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது அதே மாதம் 16-ம் தேதி. பன்னிரண்டு நாள் இடைவெளி. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே பிற்பாடு அங்கே வரிச் சலுகையும் வந்தது: பழைய வீட்டை விதிப்படி செப்பனிடுபவருக்கு வருமான வரியில் கழிவு.

இந்தியாவில் இதை முதலில் விதியாகவே கொண்டுவந்தது மும்பை, 1995-ல். பாரம்பரியக் கட்டடத்தில் உயர்த்திக் கட்ட முடியாமல் போகும் உரிமையாளருக்கு, அந்தக் கட்டும் உரிமையை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்க அங்கே வழி வைத்தார்கள். இழப்புக்கு ஈடு. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாப்புப் பகுதி ஆனது. அங்கே ஓடு, ஜன்னல், நடைபாதைத் தாழ்வாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படம் போட்டு வெளியிட்டிருக்கிறார்கள். தேக்கா பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் குழுவைப் பார்க்கப் போவதற்கு முன்பே, என்ன பதில் வரும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம்.

மூன்று இடத்திலும் கட்டுப்பாடு புதுச்சேரியை விடக் குறைவு இல்லை. சொல்லப்போனால் அதிகம். ஆனால் ஓர் ஊரில் வரிச் சலுகை, இன்னோர் ஊரில் விற்கத்தக்க உரிமை, மற்றொன்றில் தெளிவான படம் என்று உரிமையாளர் கைக்கு ஏதோ ஒன்று வருகிறது.

மஞ்சள் அடித்தால் போதுமா?

ஒரு சின்ன விஷயம். இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் புதுச்சேரி என்றால் கடுகு மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை என்று ஆகிவிட்டது. நேற்றுக் கட்டிய கான்கிரீட் லாட்ஜுக்கும் மஞ்சள் அடித்து 'ஹெரிட்டேஜ்' என்று பலகை மாட்டுகிறார்கள். ஒயிட் டவுனிலேயே வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு வீடுகள் நிறைய உண்டு. தமிழர் பகுதிக்கு மஞ்சள் அடையாளமே இல்லை. அங்கே அடையாளம் தாழ்வாரமும் திண்ணையும். திண்ணையை இடித்துவிட்டு சுவருக்கு மஞ்சள் அடித்த வீடு போட்டோவில் நன்றாக வரும். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கத்தான் இடம் இருக்காது.

எப்போது தொடங்கலாம்?

இந்த வருஷம் முகப்பு வேலை செய்ய நினைப்பவர்கள் காலண்டரைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். புதுச்சேரிக்கு மழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. மேரி கட்டடம் விழுந்ததும் அந்தக் காலத்தில்தான். சுண்ணாம்புப் பூச்சு மழைக்கு முன்பே காய்ந்து இறுகியிருக்க வேண்டும், அதனால் கொத்தனார் கோடையிலேயே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் குழுவின் ஆலோசனை, அதற்கு முன் பிபிஏவில் வரைபடம், அதற்கும் முன் வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகளிடமிருந்து பவர் பத்திரம். பொங்கலுக்கு ஊருக்கு வரும் அண்ணன் திரும்ப விமானம் ஏறுவதற்குள் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் மீதி வேலைக்கு நேரம் இருக்கும்.